மதுராந்தகத்துக் கல்யாணத்தில் நான் கானா வாசித்தேன், சாமு

மூச்சாலேயே பேசிய என் மச்சான் சாமுவுக்கு,

உன் தங்கச்சி ஸ்டெல்லா நலம். முட்டிவலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. நல்லது நடந்திருக்கிறதா, கெட்டது நடந்திருக்கிறதா என்றே புரியாத ஒரு விஷயம். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நீ போன பிறகும் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில் சனி, ஞாயிறு சாயங்காலம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். முப்பது வருஷமாக நாம் வாசித்த அதே ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பர்கள் துக்கத்தைப் பாடிய அந்தப் பாட்டு. என் கிதார் ஒரு வரி சொல்லும், உன் மவுத் ஆர்கன் மறுவரி சொல்லும். இப்போது என் வரி முடிந்ததும் கை தானாக நின்றுவிடுகிறது. நீ ஊத வேண்டிய இடம் அது. சாப்பிட வந்தவர்கள் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டிவிடுகிறார்கள். என்ன செய்வேன், சொல்.

அப்படி ஒரு சாயங்காலம் ரேவதி என்கிற பெண் வந்து பேசினாள். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் கானா பாடுகிற கோஷ்டி வைத்திருக்கிறாள். இரண்டு பறை, ஒரு டோலக், ஒரு கீபோர்டு. கிதாருக்கு ஆள் வேண்டுமாம். நான் ப்ளூஸ்காரன், வேறெதுவும் வாசிப்பதில்லை என்றேன். யார் வேண்டாம் என்றது என்று கேட்டாள். சாமுதான் என்று வாய்வரை வந்தது.

ஆனால் நீதானே? மேசையிலிருந்து யாராவது சினிமாப் பாட்டு கேட்டால், நீ என் முகத்தைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டுவாய். நான் அடுத்த ப்ளூஸைத் தொடங்கிவிடுவேன்.

ஸ்டெல்லாதான் போய்த்தான் பாரேன் என்று பிடுங்கி எடுத்தாள். ஒரே ஒரு நாள் என்று சொல்லி ஒத்திகைக்குப் போனேன். செங்கல்பட்டில் ஒரு மெக்கானிக் கடையின் மாடி. பறைச் சத்தத்தில் என் கிதார் எனக்கே கேட்கவில்லை. எங்கே நுழைவது என்று தெரியாமல், ஓடுகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் மாதிரி நின்றேன். ரேவதி பக்கத்தில் வந்தாள்.

"எண்ணிக்கினு நிக்காத அங்கிள். கால தட்டு, கை தானா வரும்."

தட்டினேன். மூன்று மூன்றாக நடக்கிற தாளம். நம் ப்ளூஸில் வரும் ஷஃபிள் என்கிற துள்ளு நடைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. கம்பியை இழுத்து ஒரு சுரத்தைக் கொஞ்சம் அழவிட்டேன். பறைக்காரர்கள் அடியை நிறுத்தாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது ப்ளூஸா, கானாவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் மதுராந்தகத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சிவப்புச் சட்டை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறவன் அன்றைக்கு நின்று வாசித்தேன். மாப்பிள்ளை மாலையோடு ஆட இறங்கினான், பெண்ணும் பின்னாலேயே வந்துவிட்டாள். பந்தியிலிருந்து பாதிப் பேர் கைகூடக் கழுவாமல் எழுந்து வந்தார்கள். மச்சான், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ செத்த பிறகு அதுதான் முதல் தடவை.

பாட்டு முடிந்ததும் ஏன் சிரித்தோம் என்று பயம் பிடித்துக்கொண்டது. பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாய் இறங்காமல் நின்றேன். உனக்குத் துரோகம் பண்ணிவிட்டேனா? சந்தோஷமாக இருந்தேனே, அது தப்பா?

யாரோ சொல்லி எஸ்தருக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று மறுநாள் காலையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி பின்பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு வந்த? வூட்ல அவரு ஊதாத சினிமாப் பாட்டு இன்னா கீது? நான் கொழம்பு வெச்சிக்கினு இருப்பேன், பின்னாடி நின்னு ஊதிக்கினே இருப்பாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் ஓட்டலில் ஏன் வேண்டாம் என்று தலையாட்டினார் என்று கேட்டேன்.

"உனக்காகத்தாண்ணா. மச்சானுக்கு ப்ளூஸ் தவிர எதுவும் புடிக்காது, வேற ஊதுனா எழுந்து போய்டுவான்னு சொல்வாரு."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். நானா, மச்சான்? நான் எப்போது அப்படிச் சொன்னேன்? நீ வேண்டாம் என்கிறாய் என்று நான் நினைத்தேன். நான் வேண்டாம் என்பேன் என்று நீ நினைத்தாயா? நீ எந்த இடத்தில் மூச்சு வாங்குவாய் என்பதுவரை எனக்குத் தெரியும். இதை மட்டும் ஏன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை?

கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறொன்றும் தோன்றுகிறது. எல்லாப் பாட்டும் வாசித்திருந்தால் நம் ப்ளூஸ் அவ்வளவு நன்றாக வந்திருக்குமா?

வீட்டில் எந்தப் பாட்டை அதிகம் ஊதுவார் என்று எஸ்தரைக் கேட்டேன். பெயரெல்லாம் ஞாபகமில்லை, முனகிக் காட்டட்டுமா என்றாள். மீன் கையோடு கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரிக்கு வாயெடுத்தவள் கண்ணைத் திறந்துவிட்டாள். மிச்சம் அப்புறம் என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள்.

வருகிற சனிக்கிழமை ரேவதியின் கோஷ்டியோடு கடற்கரை ஓட்டலிலேயே வாசிக்கிறேன். எஸ்தர் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் முனகிய இரண்டு வரியை வாசிப்பேன். மூன்றாவது வரி எனக்குத் தெரியாது. கைக்கு எது வருகிறதோ அதை வாசிப்பேன். தப்பாக இருந்தால் அவள் திருத்தட்டும். ஆனால் பாதியில் கையை எடுக்க மாட்டேன், மச்சான். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
இன்றைக்கும் உனக்கு மச்சான்,
தேவா