கடல்தரைக் கல்லில் ஒரு மூத்த பரல்

இன்று காலை எதிர்வீட்டு ஒர்க்‌ஷாப்பில் மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். எண்ணெயும் பருத்தியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஏன் என்று உனக்குத்தான் தெரியும். வேறு யாரிடமும் சொல்ல வாய் வராததால் உனக்கே எழுதுகிறேன்.

உன் அத்தாவின் நிட்டிங் கம்பெனிக்குப் பின்னால் இருந்த பழைய ஷெட்டில்தான் நாம் கல் உடைத்தோம். நீ பனியன்காரர் வீட்டுப் பெண், நான் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். இரண்டு பேரும் பாறைக்கு வயது பார்க்கக் கிளம்பியதைச் சொந்தக்காரர்கள் கேலி செய்யாத நாளில்லை. காவிரிப் பக்கம் கிணறு வெட்டியபோது வந்த கறுப்புக் கல் அது. ஒரு காலத்தில் கடலுக்குத் தரையாக இருந்து, இரு கரை நிலமும் நெருங்கி வந்து கடல் மூடிக்கொண்டபோது நிலத்துக்குள் சிக்கிக்கொண்டது. அதை மெஷினில் உடைத்து மாவாக்கி, சலித்து, கழுவினால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கொஞ்சம் ஜிர்கான் பரல்கள் மிஞ்சும். பரல் உருவாகும்போது உள்ளே புகுந்த யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். இரண்டையும் அளந்தால் வயது தெரியும். அந்தக் கடல்தரை ஒரே மூச்சில் பொங்கி உறைந்ததா, விட்டுவிட்டு வளர்ந்ததா என்பதை அவைதான் சொல்ல வேண்டும்.

எல்லாப் பரல்களும் ஏறக்குறைய ஒரே வயதைச் சொல்லின. ஒன்று மட்டும் பல மடங்கு மூத்தது. தொட்டிலை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு கிழவர் படுத்திருந்தது போல எனக்குத் திக்கென்றது. உனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பழைய நிலத்தின் துண்டு ஒன்றை விழுங்கிக்கொண்டுதான் அந்தக் கடல்தரை பிறந்தது என்று கட்டுரை எழுதினாய். வெளிவந்ததும் அத்தா அதைச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார். நூல் கொண்டுவருபவர், துணி வாங்க வருபவர் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. டீ ஆறிப்போகும்வரை மகள் கதைதான்.

அப்புறம் நீ படுக்கையில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், தூங்குகிறாய் என்று நினைத்து நான் எழுந்தபோது கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"ஏம்புள்ள, சேவூர்க் கல்லை ஒடைச்சதுக்கப்புறம் அந்த மெசினை நான் எதுல தொடைச்சேன்?"

வேஸ்ட் துணியில்தான் என்றேன். கடல்தரைக் கல்லை உடைப்பதற்கு முன்பும் அதே துணிதானே என்றாய். நம் ஊரில் எந்த மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு வேஸ்ட் துணி கிடக்கும். அதை எடுத்து ஒரு துடை துடைத்தால் சுத்தம் என்பது சின்ன வயதிலிருந்தே கைக்குப் பழகியது. சேவூர்க் கல் கடல் பார்க்காத நிலத்துப் பாறை, மிகவும் பழையது. அதன் பரல் ஒன்று துணியில் ஒட்டியிருந்து மறுபடி மெஷினுக்குள் விழுந்திருந்தால்?

"மிச்சக் கல்லை நீ ஒடைச்சுப் பாரு. தப்புன்னா எம்பேர்லயே திருத்திப் போடு. மத்தவங்க கண்டுபுடிக்கறதுக்கு முந்தி" என்றாய். அந்த வாரமே போய்விட்டாய்.

மிச்சக் கல் என் அலமாரியில் வெகுநாள் இருந்தது. அதைத் தொடவே பயந்தேன். வெளியூர்க் கூட்டங்களில் உன் பரலை ஆதாரமாகக் காட்டி யாராவது பேசும்போது, அஸ்திவாரத்தில் விரிசல் இருப்பது தெரிந்தும் மாடி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். கடைசியில் இந்த வருஷம்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். மெஷினைக் கழற்றி, காற்றடித்து, புதுத் தாளில் துடைத்து உடைத்தேன். சேவூர்க் கல்லையும் தனியாக அளந்தேன். கடல்தரைக் கல்லில் மூத்த பரல் ஒன்றுகூட இல்லை. உன் பரலின் வயது சேவூர்க் கல்லின் வயதோடு அப்படியே பொருந்தியது.

இன்று மதியம் அத்தாவைப் பார்க்கப் போனேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தார். பக்கத்து மெஷின் பஞ்சு பறந்து வெள்ளைத் துணியில் ஏறிய மாதிரியா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். உன் பெயரிலேயே திருத்தம் அனுப்பப் போகிறேன் என்றதும் தலையாட்டினார். அத்தோடு முடிந்தது என்று எழுந்தேன்.

"உக்காரு கண்ணு" என்றார். "ஒரு துணி ரோல்ல கலப்பு இருந்தா நாங்க மொத்த லாட்டையும் பிரிச்சுப் பாப்போம். அந்தத் துணியில அவ வேற எந்தெந்தக் கல்லுக்கெல்லாம் தொடைச்சா?"

அந்த ஷெட்டில் நீ உடைத்த கற்கள் அத்தனையும், அவற்றை நம்பி நீ எழுதியவை அத்தனையும் கண்முன் வந்து நின்றன. நீ கேட்டது ஒரே ஒரு கல்லைப் பற்றித்தான். மற்றவற்றைக் கேட்க உனக்கு நேரமில்லையா, தைரியமில்லையா என்று இனி யாரைக் கேட்பேன்?

ஷெட்டில் மிச்சம் கிடந்த உன் கற்கள் எல்லாவற்றையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாளை முதல் கல்லை உடைக்கிறேன். உன் பெயரில் இன்னும் எத்தனை திருத்தம் எழுத வேண்டியிருக்குமோ, உன்னுடையது என்று கடைசியில் என்ன மிஞ்சுமோ, எனக்குப் பயமாக இருக்கிறது.