அளம்பில் கரைக்கு வந்த சிப்பி

திருகோணமலை
12.7.1944

அன்புள்ள இன்பமலர்,

நான் சுகம். நீரும் அப்புவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எழுத்துக் கோணலாயிருக்கிறதென்று யோசிக்க வேண்டாம். கப்பலடியில் சிப்பி சுரண்டும்போது உள்ளங்கை கொஞ்சம் கீறிவிட்டது, அவ்வளவுதான்.

நம் அளம்பில் கற்களில் புதிதாக முளைத்த கறுத்த சிப்பி உமது காலை வெட்டியதென்று எழுதியிருந்தீர். என் கையை வெட்டியதும் அதுதான். தூரதேசக் கப்பல்களில் ஒட்டிக்கொண்டு வருகிறது. சுரண்டியதைக் கரையில் புதைக்கச் சொன்னார்கள். வேலை கெதியாய் முடியட்டுமென்று மாசி முழுக்க நாங்கள் கடலிலேயே கொட்டினோம்.

“அதின்ரை குஞ்சுகள் தூசு மாதிரி மிதக்குமடா. பங்குனி நீரோட்டம் வடக்கை, உன்ரை ஊர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிடும்” என்று கூட வேலைசெய்யும் தம்பு அண்ணை இப்போதுதான் சொல்கிறார். உமது காலை வெட்டியது நான்தான். மன்னியும்.

எனக்குத்தான் லீவு இல்லை. அந்தச் சிப்பி எனக்கு முன்னமே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கைக்குப் பூச நல்லெண்ணெயும், கட்டுவதற்கு உம்முடைய பழஞ்சீலையில் கிழித்த துண்டொன்றும் அனுப்பும். அளம்பில் கரையில் நீர் உமது கையால் பிடுங்கிய சிப்பி ஒன்றும் வேண்டும். இங்கே அது குவியலாய்க் கிடக்கிறது. என்றாலும் அங்கிருந்து ஒன்று வரட்டும்.

வேலைச் சங்கு ஊதுகிறது.

சவிரிமுத்து