சாருக்கு எடுக்காத ஈசிஜி

பிப். 9, திங்கள்
காலையில் பனி. இண்டூர் பஸ் லேட். என் ஈசிஜி அறை வாசலில் அதற்குள் எட்டுப் பேர்.
இதய வார்டு பெரிய டாக்டருக்கு இம்மாதக் கடைசியில் ஓய்வு. விழாவுக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். வசந்தா சிஸ்டர், "உங்க வூட்லயே மொத டிகிரி நீதான. எழுது. வாசிக்கறத நான் பாத்துக்கறேன்." அப்பாடா.
எழுத வேண்டியவை: சார் வந்தபோது இங்கே இதய வார்டே இல்லை. நெஞ்சுவலி என்றால் சேலம். வழியில் தொப்பூர்க் கணவாய் தாண்டுவதற்குள் பலர் போய்விடுவார்களாம். நாலு கட்டிலோடு ஆரம்பித்தார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டார். அவர் சட்டம்: நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யார் 'கேஸ்', வெறும் வாயு என்றாலும் அவருக்குத்தான் முதல் ஈசிஜி.

பிப். 10, செவ்வாய்
ஏரியூர்க்காரர் ஒருவர். வியர்த்துக் கொட்டுகிறது. "கேஸ்தாங்க. நேத்து புரோட்டா. சோடா குடிச்சேன், சரியாப் போச்சுங்க."
சார்: "புரோட்டாவுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துருவோங்க, படுங்க."
அட்டாக். ஊசி. பிழைத்துவிட்டார். "வூட்டுக்கு வா, போடறேன் புரோட்டா" என்று அவர் மனைவி திட்டிக்கொண்டே அழுதார்.
பேனா வாங்க வேண்டும்.

பிப். 11, புதன்
மதியம் சார் ரிப்போர்ட் பார்க்க வந்தார். நெஞ்சைத் தேய்த்தபடி. முகம் வெளுத்து. நான் பார்ப்பதைக் கவனித்து, "கேஸும்மா. கேன்டீன் வடை" என்று சிரித்தார்.
ஒயர் என் கையில். 'சட்டையக் கழட்டிட்டுப் படுங்க.' தினமும் எத்தனையோ ஆண்களிடம் சொல்கிற வாக்கியம். சாரிடம் வாய் வரவில்லை. கூச்சம். சார் வார்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பிப். 12, வியாழன்
காலை. ஸ்ட்ரெச்சரில் சார். வீட்டில் விழுந்துவிட்டாராம். சிஸ்டர் கத்தரியால் சட்டையை வெட்டினார். ஒயர் மாட்டினேன். நேர்கோடு. பேப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. சிஸ்டர்தான் மிஷினை அணைத்தார்.

பிப். 13, வெள்ளி
லீவு. அம்மா, "உன்ன வேலைக்கு வச்ச டாக்டருக்கா இத்தன அழுவ?" புதன்கிழமை நடந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும்.

பிப். 14, சனி
சார் வீடு. சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாசலில் செருப்புகள். திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை.
சாரின் மனைவி என் கையைப் பிடித்தார். "ஈசிஜி பொண்ணா நீ?"
"ஆமாங்கம்மா. புதன்கிழமை நெஞ்சத் தேச்சுக்கிட்டு, கேஸுன்னு சொன்னாருங்க. நான் எடுக்கலைங்க."
அவர் என் கையை விடவில்லை.
"வூட்லயும் அதேதான் சொன்னாரு கண்ணு. ஓமத் தண்ணி காச்சிக் குடுத்தேன். இப்பப் பரவால்லன்னாரு."