சீட்டு நிரம்பும்வரை

டிரங்குப் பெட்டியின் அடியில் இன்று காலை நீ ராணுவ மேலிடத்துக்கு எழுதிய யோசனையின் கார்பன் நகல் கிடைத்தது. பிரித்ததுமே மை வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் மூக்கில் ஏறின. இங்கிலீஷில் டைப் அடித்த தாள், எனக்கு ஒரு எழுத்தும் ஓடாது. கடைசி வரி நான் சொன்னது என்பது மட்டும் தெரியும். நீதான் அதற்கடியில் பென்சிலால் கோடு போட்டு அனுப்பியிருந்தாய்.

அறுபதுகளில் நீ அஸ்ஸாம் பக்கம் ராணுவ முகாமில் குமாஸ்தா, நான் திண்டிவனம் செஞ்சி பஸ்ஸில் கண்டக்டர். லீவில் வந்தால் வீட்டுக்குப் போகுமுன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து திட்டித் தீர்ப்பாய். படைக்கு அரிசி பருப்பு கொண்டுவர ராணுவம் தனியார் விமானத்தை வாடகைக்கு எடுக்கிறது. போக வர இரண்டுக்கும் சேர்த்துத்தான் வாடகை. சாமானை இறக்கியதும் அது கல்கத்தாவுக்குக் காலியாகத் திரும்புகிறது. லீவுக்காரர்களோ ஊர் வந்து சேர ரயிலில் ஏழு நாள் சீரழிகிறார்கள்.

"ஜவான் கஷ்டப்படறான்னு எழுதினா எவன் படிப்பான்? செலவு மிச்சம்னு எழுதணும்டா" என்றாய்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்டின்னா இன்னொண்ணும் சேத்துக்க. மலையனூர் கோயிலுக்கு வுடற அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸ நாங்க ஆள் நிரம்பாம எடுக்கிறதே இல்ல. ப்ளேனும் நிரம்பினாத்தான் கெளம்பணும்னு போடு. அதிகாரிக்கு அதான் புடிக்கும்." நீ சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாய். பெரிய மேதாவி மாதிரி நான் இன்னொரு டீ சொன்னேன்.

ஒரு வருஷத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. லீவுக்காரர்களுக்குத் திரும்பும் விமானத்தில் இடம் உண்டு, அதனால் ரயில் பாஸ் கிடையாது, அத்தனை சீட்டும் நிரம்பாமல் விமானம் கிளம்பக் கூடாது. நீ அனுப்பிய நகலை பஸ் ஸ்டாண்டு முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில், செஞ்சி போகிற வழியில் இருக்கும் வல்லத்தில் உன் நைனா படுத்துவிட்டார். தந்தி கொடுத்தது நான்தான். ஒரே பிள்ளை நீ. அன்றைக்கே லீவு வாங்கிக்கொண்டு விமானத் தளத்துக்கு ஓடியிருக்கிறாய். விமானம் நின்றுகொண்டிருந்தது, ஒன்பது ஆள் குறைந்தது. கைக்காசில் ரயில் ஏறலாம் என்றால் ஏழு நாள் ஆகும், விமானமோ நாளைக்கே கிளம்பிவிடலாம். அந்த நாளைக்கு, நாளைக்கு என்பதிலேயே நாலு நாள் போயிற்று. கெஞ்சியபோதெல்லாம் உன் காகிதத்தையே எடுத்துக் காட்டினார்களாம்.

கடைசியில் ஐந்தாம் நாள் விமானம் நிரம்பிக் கிளம்பி, நீ திண்டிவனத்தில் ஏறியது என் பஸ்ஸில்தான். "நைனா எப்டி இருக்குறாரு?" என்று கேட்டாய். முந்தின நாள்தான் பால் தெளித்திருந்தோம். உன் சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். டிக்கெட் போடுகிறவனைப்போல முன்பக்கம் நகர்ந்துவிட்டேன். நீ அதிலேயே தெரிந்துகொண்டாய். வல்லம் வரும்வரை உன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரூல் சரியாத்தான்டா இருந்துது. ஆள்தான் சேரல" என்றாய். ஓர் அறை விட்டிருக்கலாம், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லி நீ எழுதிய மனுக்களுக்குப் பதிலே வரவில்லை என்பதைக்கூட, போன மாதம் உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று உன் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

உனக்குச் சேரவேண்டிய ஒன்று இத்தனை வருஷமாக என்னிடம் இருக்கிறது. நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். கடைசி நாள் உன் நைனாவுக்குக் கண் தெரியவில்லை, உன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்து நேரே வந்து நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், என் காக்கிச் சட்டையைத் தடவிப் பார்த்தார்.

"வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேன் நைனா" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் உன்னைக் கேட்கவே இல்லை.