பென்டிரைவில் என் குரல்

செவ்வாய், இரவு.

நான் சீட் காட்டும் தியேட்டரில் புதுப்படத்தைச் செல்போனில் எடுத்தவனைப் பிடித்துக் கொடுத்ததற்காக இன்று கமிஷனர் ஆபீஸில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் கேடயம். பொன்னாடையைக் கழற்றாமலே தங்கை வீட்டுக்காரரின் வேனில் அவனியாபுரம் திரும்பினேன். காளவாசல் தாண்டியதும் மாப்பிள்ளை வேன் டிவியைப் போட்டார்.

"மச்சான், நீங்க காவல் காத்த படந்தேன். பாருங்க."

திருட்டுப் பிரதி. பாதித் திரையை யாரோ ஒருவரின் தலை மறைத்தது. நிறுத்தச் சொல்லி வாயெடுப்பதற்குள் அதிலிருந்து ஒரு குரல்: "எஃப் பன்னெண்டு இந்தப் பக்கம்ணே."

என் குரல். என் டார்ச் வெளிச்சம். பிடிபட்டவனின் செல்போன் அன்றே போலீஸ் கைக்குப் போய்விட்டது. ஒருவனைப் பிடித்த பெருமையில் நான் இருக்க, இன்னொருவன் எனக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து எடுத்திருக்கிறான்.

பென்டிரைவைப் பிடுங்கினேன். எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"ஆரப்பாளையத்துல ஒரு கடை. என் பேரை இழுத்துறாதீங்க மச்சான். தங்கச்சிக்காகவாவது விட்ருங்க."

தங்கை மூன்று முறை போன் செய்துவிட்டாள். நான் எடுக்கவில்லை. பென்டிரைவைப் பொன்னாடை நுனியில் முடிந்து வைத்திருக்கிறேன். காலையில் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கொடுப்பேன். கடையைக் காட்ட மாப்பிள்ளையும் வருவார். அவர் வேனிலேயே போவோம்.