பெரிய மீனை எடுத்து வைத்தேன்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. துரைக்கு எழுதக் கை வலிக்கிறதோ?

என் பெண்ணுக்கு, உன் மருமகளுக்கு, ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம். அவள் வாயும் வயிறுமாக இருந்தாளா, ஏரியில் நம் வலையில் விழும் பெரிய மீனை அவளுக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். நீ லீவில் வந்தால் உனக்கு வைப்பேனே, அப்படி. சிறுசுகளைத்தான் கடைக்குக் கொடுத்தேன்.

சர்க்காரிலிருந்து பரிசோதனைக்காரர்கள் வந்து ஏரியில் மீன் பிடித்துப் போனார்கள். பிள்ளை பெற்றவர்களிடம் தாய்ப்பாலும் கேட்டார்கள். இவளும் ஒரு குப்பி கொடுத்தாள். எதற்கென்று தெரியவில்லை.

வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போ.

அக்கா

மார்ச் 2

தம்பி,

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. சோபாவுக்குள் வைக்கும் ஃபோம் தீப்பிடிக்காமலிருக்க ஏதோ தூள் போடுவார்களாமே, அது ஏரியில் இருக்கிறதாம். தண்ணீரில் கொஞ்சம்தான். சேற்றில் தங்கி, புழுவுக்குப் போய், புழுவைத் தின்ற சின்ன மீனுக்குப் போய், அதைத் தின்ற பெரிய மீனின் கொழுப்பில் சேர்ந்துகொண்டே வருமாம். "பெரிய மீன் சாப்பிடாதீங்க" என்று கரையில் போர்டு வைத்துவிட்டார்கள்.

பாலிலும் இருக்கிறது. தெருவிலேயே இவளுக்குத்தான் அதிகம். டாக்டர், "பால் குடுங்க, நிறுத்த வேணாம்" என்கிறார். ஆனாலும் குழந்தையை மார்பில் போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்கிறாள். என்னடா சொல்வேன்?

நீ ஃபோம் கம்பெனியில்தானே இருக்கிறாய். அது உடம்பை விட்டுப் போகுமா? உடனே எழுது.

அக்கா

மார்ச் 11

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன்.

அந்தத் தூளைக் கலக்கும் தொட்டி என் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் கழுவி, கழிவைத் தனித் தொட்டிக்கு பம்ப் செய்ய வேண்டும். பம்ப் எட்டு வருஷமாகக் கெட்டுக் கிடக்கிறது. மேனேஜர், "வாய்க்கால்ல விடுப்பா, தண்ணிதானே" என்றார். விட்டேன். வாய்க்கால் ஆற்றுக்குப் போகிறது, ஆறு உன் ஏரிக்கு. தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய ஏரி, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

உடம்பை விட்டுப் போகுமாம் அக்கா. ஆனால் மெதுவாக, வருஷக்கணக்கில்.

சோபா பற்றிக்கொண்டு அம்மாவைத் தீயில் பறிகொடுத்த பிறகுதான் இந்த வேலையில் சேர்ந்தேன். இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான்.

நேற்று எல்லாவற்றையும் பரிசோதனைக்காரர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போய்விட்டது. குழந்தையைப் பார்க்க வரலாமா?

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. "மாமா எப்பம்மா வருவாரு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அம்மாவுக்காகத்தான் அந்த வேலைக்குப் போனாய் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் உன்னைத் திட்டக்கூட வாய் வரவில்லை. நீ வாய்க்காலில் விட்டாய். நான் பார்த்துப் பார்த்துப் பெரியதாக எடுத்து, முள் நீக்கி ஊட்டினேனடா. உன் முகத்தைப் பார்த்தால் என் கைதான் எனக்கு ஞாபகம் வரும். தாங்கமாட்டேன். வராதே.

உண்மையை எழுதிக் கொடுத்தது நல்லது. வேறு வேலை கிடைக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

கடிதமும் போட வேண்டாம். போட்டால் படித்துவிடுவேன்.

அக்கா