வெளியே உட்கார்ந்திருந்த லூர்துவுக்கு

என் கண்ணான லூர்து,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதியதில்லை. எழுதும்படி அப்போது நீ என்னை விட்டு எங்கே போனாய்? இதை நம் சர்ச் பங்கு இதழில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாலு பேர் மத்தியில்தான் உன் பேரைக் கெடுத்தேன். அதனால் நாலு பேர் படிக்கத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

முதலில் சேதி. எனக்கு வயிற்றில் கட்டி. கேன்சர்தான். மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்றார்கள். பயப்படாதே என்று எழுத வந்தேன், சிரிப்பு வருகிறது. இனிமேல் நீ எதற்குப் பயப்படப் போகிறாய்?

கடலூரிலேயே பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் இந்த ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் பந்தலும் சேரும் வாடகைக்கு விட்டவன் நான். போகிற வழியெல்லாம் தெரிந்த முகம். அதனால் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். கடையில் வேலை செய்கிற சேகரிடம் பாக்கி வசூலுக்குப் போகிறேன் என்றேன். சென்னையில் இருக்கிற நம் பெண் ஜெனிக்குச் சொல்லவே இல்லை. கைக்குழந்தைக்காரி, எதற்கு அவளைக் கலவரப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன்.

அங்கே ஆஸ்பத்திரிக்குக் காலையில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். பெரிய ஹால், வரிசையாகச் சாய்கிற சேர்கள். மற்றவர்களை உட்கார வைத்தே பழகியவனை நர்ஸ் வசந்தி சிஸ்டர் உட்கார வைத்தது. புவனகிரிப் பெண், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் வராததுமாக, "மோஷன் சரியா போவுதா சார்?" என்று கேட்டது. பக்கத்து சேரில் ஆள் இருக்கிறான், எதிரே ஒரு பொம்பளை இருக்கிறது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

என் முகத்தைப் பார்த்ததும் சிஸ்டர் குனிந்து மெதுவாகக் கேட்டது. "வெக்கமா இருந்தா வுடுங்க. வீட்டுல அம்மா இருக்காங்களா?"

"இருக்கா."

"வந்திருக்காங்களா?"

"வெளிய உக்காந்திருக்கா. மருந்து நாத்தம் அவளுக்கு ஆவாது."

அவ்வளவுதான் லூர்து. யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. துணைக்கு ஆள் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் அது பாதிதான். மீதியைக் கடைசியில் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு சிஸ்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் உனக்கும் சேர்த்தே சொன்னது. "பச்சத்தண்ணிய தொட்டா கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், அம்மாவ வெந்நி வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க." "கஞ்சி எறங்கலன்னா கொஞ்சம் ஊறுகா தண்ணி தொட்டுக் குடுக்கச் சொல்லுங்க." ஒரு நாள், "அம்மா தூங்குறாங்களா? கூட இருக்கிறவுங்களுக்குத்தான் ஜாஸ்தி கஷ்டம்" என்றது. தூங்குகிறாள் என்றேன். அதில் பொய் இல்லை.

என்னையும் எப்படிப் பார்த்துக்கொண்டது தெரியுமா? கேன்டீன் சாம்பார் வாசனை வந்தால் எனக்குக் குமட்டும் என்று இரண்டாவது தடவையே தெரிந்துகொண்டு, கதவுப் பக்கத்திலிருந்து ஜன்னல் ஓரத்துக்கு மாற்றிவிட்டது. நரம்பு கிடைக்கவில்லையென்றால் கையுறையில் வெந்நீர் நிரப்பி என் கைமேல் வைத்துவிட்டுக் காத்திருக்கும். "சேர்காரருக்கு ஆடாத சேரா பாத்து வெச்சிருக்கேன்" என்று கிண்டல் வேறு. நம்மை ஒருத்தர் இப்படிக் கவனிக்கிறபோது சந்தோஷம்தானே வரவேண்டும்? எனக்கு எடுக்கக் கூடாததை எடுத்த மாதிரி இருந்தது.

பொய் ஒன்றோடு நிற்குமா? வீட்டுக்குப் போனபின் விசாரிக்க உன் நம்பர் வேண்டும் என்றது. "உங்களக் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்வீங்க" என்றது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உன்னுடையது ஒன்றுதான், கொடுத்துவிட்டேன். கேஸ் புக்கிங் மெசேஜ் எல்லாம் அதில்தான் வருகிறது என்று அந்த போனை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறேன். சிஸ்டர் கூப்பிடும், அடித்து ஓயும் வரை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடுத்த தடவை போனதும், "அவ அப்பிடித்தான் சிஸ்டர், போன எங்கியாவது போட்டுடுவா" என்பேன்.

சிஸ்டருக்கு உன்மேல் கோபம் வந்துவிட்டது. "என்னா அம்மா இவுங்க! ஒரு வாட்டி உள்ள வந்து எட்டிப் பாக்கக் கூடாதா?" என்று ஹாலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது. எதிர் சேரில் இருந்தவரின் வீட்டம்மா எனக்கு இரண்டு இட்லி கொடுத்துவிட்டுத் தன் புருஷனிடம் சொன்னது காதில் விழுந்தது. "பாவம்யா, பொண்டாட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான்."

நான் அந்த இட்லியைத் தின்றேன் லூர்து. எனக்குக் கால் சுளுக்கினாலே ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எண்ணெய் தடவுகிறவள் நீ. உன்னை ஒரு ஹாலே சேர்ந்து கல் நெஞ்சுக்காரி என்றது, நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலம் ஒருத்தனுக்கு இருக்குமா?

மூன்றாவது தடவை மருந்து ஏற்றி வந்த பிறகு ஜுரம் வந்தது. ஜுரம் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, அம்மாவைத் தொட்டுப் பார்த்து உடனே கூப்பிடச் சொல்லுங்கள் என்று சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. தொட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். மறுநாள் மத்தியானம் உன் போன் அடித்தது. நான் படுத்தபடியே, "லூர்து, போன எடு" என்று கத்தினேன். அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தரமும் கத்தினேன். அப்புறம்தான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், நானே எடுத்தேன்.

"அம்மா, வசந்தி சிஸ்டர் பேசுறேன். இன்னிக்காவது எடுத்தீங்களே. சார் எப்பிடி இருக்காரு?"

"நான்தான் சிஸ்டர்."

"நீங்களா? அம்மாகிட்ட குடுங்க."

"அவ இல்ல."

"எங்க போயிட்டாங்க, உங்கள இப்பிடி வுட்டுட்டு?"

"செத்துட்டா சிஸ்டர். நாலு வருஷம் ஆச்சு."

சிஸ்டர் போனை வைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"உடம்பு சுடுதா?"

"சுடுது. குளுருது."

"பக்கத்துல யாரு இருக்காங்க? உசுரோட இருக்கிறவுங்க பேரா சொல்லுங்க."

சேகர் பேரைச் சொன்னேன். இந்த போனை வைக்காதீர்கள், உங்கள் போனில் அவரைக் கூப்பிடுங்கள் என்றது. சேகர் வந்து கதவைத் தட்டும் வரை லைனிலேயே இருந்தது. சிதம்பரம் வர நேரமாகும், கடலூரிலேயே சேருங்கள் என்று அவனிடம் சொல்லி, டாக்டரையும் பேச வைத்தது. சேர் ஏற்றுகிற வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனான், வழியெல்லாம் அழுதான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உன் பக்கத்தில் எனக்கும் தோண்டியிருப்பார்கள்.

ஜெனிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொன்னேன். "அம்மா இருந்திருந்தா என்கிட்ட மறைக்க வுட்டிருப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். மறுநாளே குழந்தையோடு வந்துவிட்டாள்.

தேறிய பிறகு சிதம்பரம் போனேன். அதே ஜன்னல் ஓரம், அதே வெந்நீர்க் கையுறை. சிஸ்டரின் கவனிப்பு குறையவில்லை, பேச்சுதான் குறைந்திருந்தது. மன்னிச்சிடுங்க சிஸ்டர் என்றேன்.

"எந்தக் கையில ஊசி எறங்கும், எந்த வாசன ஆவாது, எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கேன்னு நெனச்சேன் சார். தனியா இருக்கீங்கன்றதத் தெரிஞ்சுக்கல. அது தெரியாம மத்தது தெரிஞ்சு என்னா பிரயோஜனம்?" என்றபடி பிளாஸ்திரியை ஒட்டியது. "அந்தம்மாவ எவ்ளோ திட்டிட்டேன். மன்னிப்ப அவுங்ககிட்ட கேளுங்க."

ஃபாதரிடம் இந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன், மனசு ஆறவில்லை. இட்லி கொடுத்த அம்மாவிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அது வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. அதற்கும் நான்தான் காரணம்.

மீதியைச் சொல்கிறேன் என்றேனே. மருந்து ஏறுகிற அத்தனை நேரமும் நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய் லூர்து. சிஸ்டர் உன்னை விசாரிக்கும், நான் பதில் சொல்வேன், எனக்குப் பெண்டாட்டி இருந்தாள். அதற்காகவே மருந்து ஏற்றுகிற செவ்வாய்க்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன். இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

என்னை மன்னித்துவிடு. ஆபரேஷனுக்குப் போவேன், ஜெனியிடம் எதையும் மறைக்க மாட்டேன். இன்னொன்றும் சத்தியம் செய்கிறேன். நீ போன நாளிலிருந்து ஊரில் யார் கேட்டாலும் "அவ இல்ல" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். செத்துவிட்டாய் என்று என் வாயால் முதலில் சொன்னது அன்றைக்கு சிஸ்டரிடம்தான். இனி கேட்பவர்களுக்கெல்லாம் அதையே சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்,
ஜெனி அப்பா